அரசாணிப்பூவும் ஆறு வயதுக் கேள்விகளும்

(தொடக்கக் கல்வி குறித்து வாசகர்கள் கேட்கும் கேள்விகளுக்கு, பணி ஓய்வு பெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியை ஒருவர் பதில் எழுதும் பகுதி. இம்முறை வந்த கடிதங்களில் பூக்களைப் பற்றியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.)

கேள்வி: ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றில் இரண்டாம் வகுப்பு எடுக்கிறேன். கரும்பலகையில் பூவின் படம் வரைந்து பாகங்களின் பெயரை எழுதிப் போட்டால் பிள்ளைகள் அழகாக ஒப்பிக்கிறார்கள். மறுநாள் ஒரு பூவைக் கையில் கொடுத்து, “இதில் புல்லி எது?” என்று கேட்டால் விழிக்கிறார்கள். பூவையே ஒரு சிறிய ஆய்வாக எடுத்துக்கொண்டு பிள்ளைகளே கண்டுபிடிக்கும்படி வகுப்பை நடத்தலாம் என்று பயிற்சியில் சொன்னார்கள். எங்கிருந்து தொடங்குவது? எத்தனை நாள் பிடிக்கும்?
— ஓர் ஆசிரியை, கோபிசெட்டிபாளையம்

பதில்: படத்திலிருந்து பூவுக்குப் போகாமல் பூவிலிருந்து படத்துக்கு வாருங்கள், உங்கள் சிக்கலில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும். கரும்பலகையில் நாம் வரைகிற பூவில் வெளியே பச்சையாக இருக்கும் புல்லி, வண்ண இதழான அல்லி, மகரந்தப் பொடி தரும் மகரந்தத்தாள், காயாக மாறும் சூலகம் ஆகிய நான்கும் ஒன்றுக்குள் ஒன்றாக ஒழுங்காக அமர்ந்திருக்கும். பிள்ளை தன் வீட்டு வேலியில் பார்க்கிற பூக்களில் பல அப்படி இருப்பதில்லை. அரசாணி என்று நாம் சொல்லும் மஞ்சள் பூசணிக் கொடியில் மகரந்தம் ஒரு பூவிலும் சூலகம் வேறொரு பூவிலும் இருக்கின்றன. செவ்வந்தியில் நாம் இதழ் என்று சொல்லிப் பிய்த்தெடுப்பது ஒவ்வொன்றும் ஒரு தனிப் பூ. ஆகவே பிள்ளை விழித்தால் அது பிள்ளையின் குறை அன்று. நாம் வரைந்த பூ அதன் ஊரில் பூக்கவில்லை, அவ்வளவுதான்.

முதல் நாளில் எதையும் கற்பிக்காதீர்கள். பூவைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும் என்று கேட்டு, அவர்கள் சொல்வதை அவர்கள் சொன்ன சொற்களிலேயே ஒரு பெரிய தாளில் எழுதி வையுங்கள். “வாசம் இல்லாதது பூ இல்லை”, “ராத்திரி பூ தூங்கும்”, “பூவைப் பறித்தால் செடிக்கு வலிக்கும்” என்றெல்லாம் வரும். எதையும் திருத்த வேண்டாம். அதே நாளில் பூ எதையும் காட்டாமல், நினைவிலிருந்து ஒரு பூவை வரையச் சொல்லி, அந்தத் தாள்களைப் பெயரும் தேதியும் இட்டுப் பத்திரப்படுத்துங்கள். நடுவில் ஒரு வட்டம், சுற்றி ஐந்து இதழ், கீழே ஒரு கோடு என்று ஏறக்குறைய எல்லாப் படமும் ஒன்று போலவே இருக்கும். இந்தத் தாள்கள் பின்னால் மிகவும் பயன்படும்.

அடுத்து வருவது கேள்வி. ஆய்வு என்ற பெரிய சொல்லைக் கண்டு மலைக்க வேண்டாம். பார்த்தும் தொட்டும் எண்ணியும் பெரியவர்களைக் கேட்டும் விடை காணக்கூடிய ஒரு கேள்வி வகுப்புக்குக் கிடைத்துவிட்டால் ஆய்வு தொடங்கிவிட்டது. எனக்கு அப்படி ஒரு கேள்வி கிடைத்தது என் பிழையால்தான். பவானி ஆற்றை ஒட்டிய ஓர் ஊரில் பணியாற்றியபோது, பூதான் காயாகிறது என்று நான் சொல்லிக்கொண்டிருக்க, “எல்லாப் பூவும் காயாகுமா டீச்சர்?” என்று ஒரு பையன் கேட்டான். யோசிக்காமல் ஆமாம் என்றேன். மறுநாள் ஒரு செம்பருத்தியைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, “எங்க வீட்டுல இது தெனமும் பூக்குது, ஒரு காயும் புடிக்கலையே” என்றான். என்னிடம் பதில் இல்லை. அதை அப்படியே வகுப்பிடம் ஒப்புக்கொண்டு, காய்க்கும் பூ எது, காய்க்காத பூ எது என்று பார்த்துவர அனைவரையும் அனுப்பினேன். வெண்டை, கத்தரி, அவரை, முருங்கை ஆகியவை ஒரு பக்கமும் செம்பருத்தி, மல்லி, அடுக்கு நந்தியாவட்டை ஆகியவை மறுபக்கமும் சேர்ந்தன. நிலக்கடலை எந்தப் பக்கம் என்பதில் பெரிய சண்டை வந்தது. பூ செடியின் மேலே இருக்கிறது, காய் மண்ணுக்குள் இருக்கிறது, இரண்டுக்கும் என்ன உறவு என்று ஒரு கட்சி வாதிட்டது. ஒரு பெண் தன் தோட்டத்துச் செடி ஒன்றை மண்ணோடு பெயர்த்து வந்து, பூ உதிர்ந்த இடத்திலிருந்து ஊசி போல ஒன்று இறங்கி மண்ணுக்குள் புகுந்திருப்பதைக் காட்டிய பிறகுதான் அந்த வழக்கு முடிந்தது. காய்க்காத செடிகளை எப்படி நடுகிறார்கள் என்று வீட்டில் கேட்டுவரச் சொன்னபோது குச்சி, பதியன் என்ற இரண்டு சொற்களோடு திரும்பி வந்தார்கள். விதை இல்லாத செடியை நாம்தான் கிளையிலிருந்து வளர்க்க வேண்டியிருக்கிறது என்பதை அவர்களாகவே சொன்னார்கள். அதைச் சொல்லிக்கொடுக்க நான் திட்டமிட்டிருக்கவே இல்லை.

பூவைப் பிரித்துப் பார்ப்பதற்கு அரசாணிப்பூவை விடச் சிறந்தது நம் பக்கத்தில் இல்லை என்பேன். கைக்குப் பெரியது, ஒரு கொடியிலேயே போதிய அளவு கிடைக்கும். மார்கழி வாசலில் சாணிப் பிள்ளையாருக்கு வைப்பதால் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே பழக்கமானதும்கூட. அது விடியற்காலையில் விரிந்து, வெயில் ஏறியதும் சுருண்டுவிடும் என்பதால் முதல் பாடவேளையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். நீண்டு மெலிந்த காம்பில் நிற்பது ஆண் பூ; குட்டையான காம்பில், இதழுக்குக் கீழே கோலிக்குண்டு அளவு பிஞ்சோடு இருப்பது பெண் பூ. “பிஞ்சு இருக்கிறது எது, இல்லாதது எது?” என்று கேட்டால் ஆறு வயதுப் பிள்ளை நொடியில் பிரித்துவிடும். ஆண் பூவின் இதழைக் கிழித்தால் நடுவில் மஞ்சள் குச்சி ஒன்று நிற்கும். விரலால் தொட்டால் பொடி ஒட்டும். அந்தக் குச்சியின் அடியில் சிறு துளைகள் இருக்கின்றன. ஈர்க்குச்சியை மெல்ல விட்டு எடுத்தால் நுனியில் ஈரம் தெரியும். தேனீ தலையைக் கவிழ்த்துக்கொண்டு தேடுவது அதைத்தான். பெண் பூவுக்குள் பொடி இல்லை. சூலகத்தின் உச்சியான, தடித்துப் பிளந்த சூலக முடி இருக்கும், தொட்டால் பிசுபிசுக்கும். எங்கள் அம்மா சாணிப் பிள்ளையாருக்கு ஆண் பூவை மட்டுமே பறிப்பார். பெண் பூவைப் பறித்தால் ஒரு காய் போயிற்று என்பது அவருக்குத் தெரியும். வகுப்பிலும் ஆண் பூ பத்து என்றால் பெண் பூ ஒன்று போதும்.

பெயர்களைக் கடைசியில் கொடுங்கள். “அந்த மஞ்சப் பொடி” என்று பிள்ளை பத்து முறை சொல்லி, அதற்கு ஒரு சொல் வேண்டும் என்று அதற்கே தோன்றுகிற நேரத்தில் மகரந்தம் என்ற சொல்லைக் கொடுத்தால் அது மறக்காது. அரும்பு, மொட்டு, போது, மலர், வீ, செம்மல் என்று ஒரு பூவின் பருவத்துக்கே இத்தனை சொற்களை வைத்திருக்கும் மொழி நம்முடையது. கொடியில் ஒரே நேரத்தில் இருக்கும் மொட்டையும் மலர்ந்ததையும் வாடியதையும் உதிர்ந்ததையும் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு சொல்லட்டையை வைக்கச் சொல்லுங்கள். அதன் பிறகு தமிழ்ப் பாடத்துக்கெனத் தனியாக ஒரு வேளை தேவைப்படாது.

கொடி பள்ளி வளாகத்திலோ பக்கத்துத் தோட்டத்திலோ இருந்தால் ஒரு சோதனையும் செய்யலாம். மறுநாள் விரியப்போகும் பெண் மொட்டு ஒன்றை மாலையிலேயே மெல்லிய துணியால் மூடிக் கட்டுங்கள். இன்னொன்றைத் திறந்தபடி விடுங்கள். மூடிய பூவின் பிஞ்சு சில நாளில் மஞ்சளாகி வெம்பி உதிரும். பூச்சி வராததால்தான் இப்படி ஆயிற்று என்று நாம் முடிவு கட்டுவோம். ஆனால் என் வகுப்பில் ஒரு பிள்ளை, “துணி கட்டுனதுல மூச்சு முட்டிச் செத்துப்போச்சு” என்றது. அது சரியான மறுப்பு. ஆகவே மூன்றாவதாக ஒரு பூவை மூடினோம். காலையில் அவிழ்த்து, ஆண் பூவின் குச்சியை அதன் சூலக முடியில் தடவிவிட்டு, மீண்டும் மூடினோம். அது காய்த்தது. மூச்சு முட்டவில்லை என்பதைப் பிள்ளைகளே பார்த்துக்கொண்டார்கள். ஒன்றிரண்டு பூக்கள் காரணமின்றியும் உதிரும் என்பதால் ஒவ்வொரு வகைக்கும் மூன்று நான்கு பூக்களாவது வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்கும் வாரம் மூன்று நாள், நாளுக்கு அரை மணி என்று மூன்று நான்கு வாரம் பிடிக்கும். முடிவில் மீண்டும் அதே பூவை வரையச் சொல்லி, முதல் நாள் படத்தையும் இந்தப் படத்தையும் அருகருகே சுவரில் ஒட்டுங்கள். பெற்றோரை ஒரு மாலை வரவழைத்துப் பிள்ளைகளே விளக்கட்டும்.

கேள்வி: திருப்பூரில் லைன் வீட்டில் குடியிருக்கிறோம்; தொட்டி வைக்கவும் இடம் இல்லை. யூ.கே.ஜி. படிக்கும் என் மகள், “அம்மா, பூ எதுக்குப் பூக்குது?” என்று கேட்டாள். “சாமிக்கு வைக்க” என்றேன். “அப்போ சாமிக்கு வைக்காத பூ எதுக்குப் பூக்குது?” என்று கேட்டுவிட்டாள். நான் சொன்னது தவறா? செடியே இல்லாத வீட்டில் இதை எப்படி விளக்குவது?
— ஒரு தாய், திருப்பூர்

பதில்: தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் சொன்னது நாம் பூவை வைத்து என்ன செய்கிறோம் என்பதற்கான பதில்; பெண் கேட்டது செடி எதற்காகப் பூக்கிறது என்பதை. இரண்டும் வேறு வேறு கேள்விகள் என்பதை அவள் உங்களுக்கு முன்பே கண்டுகொண்டாள். “நாம் சாமிக்கு வைக்கிறோம்; செடி வேறொரு காரணத்துக்காகப் பூக்கிறது, அதைப் பார்த்துக் கண்டுபிடிப்போம்” என்று சொல்லுங்கள். பக்திக்கும் குறைவில்லை, உண்மைக்கும் குறைவில்லை.

இந்தக் கேள்வியைப் பெரியவர்களும் கேட்டிருக்கிறார்கள். ஜெர்மனியில் ஸ்பாண்டாவ் என்ற ஊரில் பள்ளித் தலைமை ஆசிரியராக இருந்த கிறிஸ்டியன் கொன்ராட் ஸ்ப்ரெங்கல், 1787ஆம் ஆண்டு கோடையில் ஒரு காட்டுப் பூவின் இதழடியில் இருந்த மென்மயிரைப் பார்த்து, இது எதற்காக இருக்கிறது என்று தன்னையே கேட்டுக்கொண்டார். உள்ளே இருக்கும் தேனை மழை நீர் கெடுத்துவிடாமல் காப்பதற்காக என்று அவருக்குத் தோன்றியது. அப்படியானால் தேன் யாருக்கு என்று அடுத்துக் கேட்டார். பூச்சிகளுக்குத் தேனைக் கொடுத்து, அவற்றைக் கொண்டே பூக்கள் மகரந்தத்தைச் சேர்த்துக்கொள்கின்றன என்பதை ஆண்டுக்கணக்கில் பார்த்து 1793இல் நூலாக வெளியிட்டார். உங்கள் மகள் கேட்டதும் ஏறத்தாழ அதே கேள்விதான்.

செடி இல்லை என்று கவலைப்பட வேண்டாம்; உங்கள் தெருவுக்குத் தினமும் பூ வருகிறது. காலையில் பறித்த மல்லி மொட்டில் ஒரு கைப்பிடி வாங்கி, எண்ணித் தட்டில் வைத்துவிட்டு, மாலையிலிருந்து எத்தனை விரிந்தன என்று அரை மணிக்கு ஒரு முறை அவளையே எண்ணிச் சொல்லச் சொல்லுங்கள். விளக்கு வைக்கும் நேரத்தில்தான் வாசம் தூக்கும். வெள்ளை நிறமும் இரவு வாசமும் இருட்டில் வரும் அந்துப்பூச்சிகளை அழைப்பதற்கு உதவுகின்றன என்பதை அப்போது சொல்லலாம்.

அதைவிடச் சிறந்தது சந்தையில் கிடைக்கும் வாழைப்பூ. எப்படியும் பொரியலுக்கு ஆய வேண்டியதுதான். அவளை அருகில் உட்கார்த்திக்கொள்ளுங்கள். சிவந்த மடல் ஒன்றைத் தூக்கினால் கீழே சீப்பு போல இரண்டு வரிசைப் பூக்கள் இருக்கும். ஒவ்வொரு பூவிலும் நாம் கள்ளன் என்று உருவிப் போடுகிறோமே, தலை தடித்த அந்தக் குச்சிதான் சூலகத் தண்டும் முடியும். அதைச் சுற்றி நிற்கும் மெல்லிய குச்சிகள் மகரந்தத்தாள்கள். கண்ணாடி போல ஊடுருவித் தெரியும் சிறு செதில் ஓர் இதழ். நாம் வாங்கும் பூ தாரின் நுனியில் தொங்கும் ஆண் பகுதி. தார் தள்ளியபோது முதலில் வந்த மடல்களுக்குள் இருந்த பெண் பூக்களே காய்களாகிச் சீப்புகளாக மேலே இருக்கின்றன. வீட்டில் நாம் தின்னும் வாழை இனங்களுக்கு மகரந்தம் சேராமலே காய் பிடிக்கும், ஆதலால் விதை இல்லை என்பதையும் அவள் கேட்டால் மட்டும் சொல்லுங்கள். கேட்காவிட்டால் அடுத்த ஆண்டு சொல்லிக்கொள்ளலாம்.

கேள்வி: எங்கள் காட்டில் கண்வலிக் கிழங்கு போட்டிருக்கிறோம். மாநில மலரான செங்காந்தள் இதுதான் என்பதால், வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் பார்க்கும்படி ஒரு கூடை பூ கொண்டுவர முடியுமா என்று பேரனின் பள்ளியில் கேட்டார்கள். கொடுத்தனுப்பலாமா?
— ஒரு விவசாயி, மூலனூர்

பதில்: ஐயா, கொடுத்தனுப்பாதீர்கள். உங்களுக்குத் தெரியாததன்று, இந்தச் செடியின் கிழங்கு, விதை, இலை, பூ எல்லாவற்றிலும் கொல்சிசின் என்னும் நச்சுப்பொருள் இருக்கிறது. மருந்துக்காகவே நீங்கள் விதையை விற்கிறீர்கள். அளவு மீறினால் அதுவே உயிரைப் பறிக்கும். கையில் கிடைத்ததை வாயில் வைக்கும் வயதுப் பிள்ளைகள் முப்பது பேர் இருக்கும் அறைக்குள் இது வரக் கூடாது. ஆசிரியர் நல்லெண்ணத்தோடுதான் கேட்டிருப்பார். நீங்கள் விளக்கினால் புரிந்துகொள்வார்.

பூ பள்ளிக்குப் போவதற்குப் பதில் பள்ளி உங்கள் காட்டுக்கு வரட்டும். மருந்து அடித்த நாட்களைத் தவிர்த்து, பிள்ளைகளை வரப்பில் நிறுத்தி, தொடாமல் பார்க்க வையுங்கள். நம் பக்கத்துப் பிள்ளைகள் மட்டுமே எளிதில் பார்க்கக்கூடிய ஒரு காட்சி அங்கே இருக்கிறது. பூ விரிந்த காலை வேளையில் பெண்கள் வரிசை வரிசையாகச் சென்று, ஒரு பூவின் மகரந்தத்தை எடுத்து இன்னொரு பூவின் சூலக முடியில் தொட்டுவைக்கிறார்களே, அதைக் காட்டுங்கள். இந்தப் பூவின் சூலகத் தண்டு அடியிலேயே மடங்கிப் பக்கவாட்டில் நீண்டு, மகரந்தத்தாள்களை விட்டு விலகி நிற்பதால் மகரந்தம் தானாகச் சேர்வது குறைவு. அதனால்தான் மனிதக் கை வேண்டியிருக்கிறது. தேனீ செய்யும் வேலையை மனிதர் செய்வதைக் கண்ணால் பார்த்த பிள்ளைக்கு மகரந்தச் சேர்க்கை என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. அந்த வேலையைச் செய்யும் அம்மா ஒருவரையே விளக்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் அவரிடம் கேள்வி கேட்கட்டும். புதிதாக விரிந்த பூ பச்சையும் மஞ்சளுமாக இருந்து, நாளாக ஆகச் சிவப்பேறுவதை ஒரே கொடியில் காட்டலாம்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. பூ சேகரித்து வா என்று பிள்ளைகளைத் தனியே அனுப்பும்போது அரளி, மஞ்சள் அரளி, ஊமத்தை ஆகியவற்றைப் பறிக்கக் கூடாது என்று முன்கூட்டியே காட்டிச் சொல்லுங்கள். எருக்கம்பால் கண்ணில் பட்டால் பெரும் தொல்லை. எந்தப் பூவையும் சுவைத்துப் பார்க்கக் கூடாது, வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும் என்ற இரண்டு விதிகளும் வகுப்புச் சுவரில் இருக்கட்டும்.

கேள்வி: இப்படி மூன்று நான்கு வாரம் பூவிலேயே போனால் பாடத்திட்டத்தை எப்போது முடிப்பது?
— ஒரு தலைமை ஆசிரியர், பெருந்துறை

பதில்: முடித்துவிடலாம். ஒரு முழம் சரத்தில் எத்தனை பூ என்று எண்ணுவது கணக்கு. அவரவர் முழம் போட்டால் ஏன் எண்ணிக்கை மாறுகிறது என்று வியப்பது அளவையின் முதல் பாடம். பார்த்ததை இரண்டு வரி எழுதுவது தமிழ். தமிழ்நாடு அரசு 2022இல் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் கேட்பதும் இந்தத் திறன்களைத்தான். குழந்தைக் கல்வி அறிஞர்களான லிலியன் கேட்ஸும் சில்வியா சார்டும் 1989இல், பிள்ளைகளே ஆய்ந்து கற்கும் இம்முறையைப் பற்றி நூல் எழுதியபோதும், வழக்கமான பயிற்சிகளை விட்டுவிடச் சொல்லவில்லை. அவற்றோடு சேர்த்து நடத்தவே சொன்னார்கள்.

கேள்வி: டீச்சரம்மா, எங்கள் தோப்பில் நூறு தென்னை மரம் இருக்கிறது. நான் ஒரு பூ கூடப் பார்த்ததில்லை. தென்னைக்குப் பூ உண்டா?
— மூன்றாம் வகுப்பு மாணவி, ஆனைமலை

பதில்: உண்டு கண்ணு. உனக்கு எட்டாத உயரத்தில் பூப்பதால் நீ பார்க்கவில்லை. காலையில் மரத்தடிக்குப் போய்ப் பார். மஞ்சளாகச் சின்னச் சின்னதாக நெல்மணியை விடச் சற்றுப் பெரியவை உதிர்ந்து கிடக்கும். அவைதான் தென்னையின் ஆண் பூக்கள். ஒன்றை எடுத்து விரித்து, உள்ளே எத்தனை மகரந்தத்தாள்கள் இருக்கின்றன என்று எண்ணு. மேலே பாளை வெடித்ததும் துடைப்பம் போல ஒரு கொத்து வெளிவரும். அதன் கிளைகள் நெடுக ஆண் பூக்களும் கிளைகளின் அடியில் உருண்டையான பெண் பூக்களும் இருக்கும். அந்த உருண்டைகள் குரும்பையாகி, இளநீராகி, தேங்காயாகும்.

அடுத்த முறை தேங்காய் போட மரம் ஏறுகிறவரிடம், புதிதாக வெடித்த பாளையில் ஒரு சிறு கிளையை மட்டும் ஒடித்துத் தரச் சொல்லி உன் அப்புச்சியை விட்டுக் கேள். பள்ளிக்குக் கொண்டுபோய், ஆண் பூ எத்தனை, பெண் பூ எத்தனை என்று எல்லோரும் சேர்ந்து எண்ணி, கிளையை அப்படியே பார்த்து வரைந்து எனக்கு அனுப்பு.